ஹாட் ஹேட்ச் வாங்கப் போகிறீர்களா? சுங்கை சிப்புட் சாலையில் வைத்து ஓர் ஒப்பீடு

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் இருப்பவர் ஹாட் ஹேட்ச், அதாவது சின்ன ஹேட்ச்பேக் காரின் வேகமான வடிவம், வாங்கப் போனால், குதிரைத்திறனைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் குனிந்து டயரைப் பார்க்க வேண்டும். ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் எத்தனை விரல் ரப்பர் இருக்கிறது என்பதில்தான் நம் ஊரில் அந்தக் காரின் ஆயுளும் நம் நிம்மதியும் இருக்கின்றன.

ஈப்போவில் ஷோரூமுக்கு வெளியே தார் வழவழவென்று இருக்கும். இங்கே செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடி ஓடிச் சாலையின் ஓரம் பெயர்ந்து கிடக்கிறது. மழை பெய்துவிட்டால் எது குழி, எது வெறும் தேங்கிய தண்ணீர் என்று தெரியாது. தமிழ்ப்பள்ளி முன்னால் ஒரு மேடு, கோயில் முன்னால் ஒரு மேடு, லயத்துக்குத் திரும்பும் இடத்தில் யாரோ தாங்களாகவே சிமெண்டில் போட்டுவிட்ட இன்னொரு மேடு. இறுக்கமான சஸ்பென்ஷனும் மெல்லிய டயரும் உள்ள கார் இதையெல்லாம் தினமும் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும்.

என் அக்கா மகனுக்காகத்தான் இந்த ஒப்பீட்டில் இறங்கினேன். வேலை ஈப்போவில், வீடு இங்கே. பழைய மைவியைக் கொடுத்துவிட்டு, ஓட்டுவதற்கு ஆசையாக இருக்கும் ஒரு கார் வேண்டும் என்கிறான். ஆசைப்படுகிற வயதுதான், தப்பே இல்லை. ஆனால் வீட்டுக்கு அது ஒன்றுதான் கார். அக்காவுக்கு முழங்கால் வலி. கிளினிக்குக்கும் கோயிலுக்கும் அதில்தான் போக வேண்டும். ஆகவே நான்கு கார்களை எடுத்துக்கொண்டோம்: சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, டொயோட்டா ஜிஆர் யாரிஸ், மின்சாரக் காரான எம்ஜி4 எக்ஸ்பவர். ஹோண்டா சிவிக் டைப் ஆர் அருமையான கார்தான். ஆனால் 2023இல் மலேசியாவுக்கு வந்தபோதே விலை 399,900 வெள்ளி, மேனுவல் கியர் மட்டும்தான். அதைப் பேச்சோடு விட்டுவிட்டோம்.

டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 225/40 ஆர்18 என்றால் அகலம் 225 மில்லிமீட்டர். ரப்பர் சுவரின் உயரம் அதில் 40 சதவீதம், அதாவது 90 மில்லிமீட்டர். ரிம் 18 அங்குலம். ஜிஆர் யாரிஸுக்கு இதே அளவுதான். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் 195/45 ஆர்17இல் சுவர் கிட்டத்தட்ட 88. டைப் ஆரின் 265/30 ஆர்19இல் 80கூட முழுதாக இல்லை. எம்ஜி4 எக்ஸ்பவரில் 235/45 ஆர்18, சுவர் 105க்கு மேல். நான்கில் மிக வேகமான காருக்குத்தான் தடிமனான டயர். கோல்ஃப் ஜிடிஐ 18 அங்குலத்திலும் வரும், 19 அங்குலத்திலும் வரும். 19இல் 235/35 போட்டால் சுவர் 82தான். பார்க்க அழகு, நம் சாலைக்கு ஆகாது. 18 கிடைக்குமா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று, பின்னால் சாமான் வைக்கும் பூட் கதவைத் திறந்து அடியில் பாருங்கள். ஜிஆர் யாரிஸிலும் டைப் ஆரிலும் ஸ்பேர் டயர் இல்லை. பசையும் காற்றுப் பம்பும்தான் கொடுப்பார்கள். ஆணி குத்தினால் அந்தப் பசை காப்பாற்றும். குழியில் விழுந்து டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அது ஒன்றுக்கும் உதவாது. இரவு பதினொரு மணிக்கு லிந்தாங் பக்கம் செம்பனைக்கு நடுவில் அப்படி ஆகிவிட்டால் இழுவை லோரி வரும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

சரி, கார்களுக்கு வருவோம்.

ஜிஆர் யாரிஸ் ஓட்டுபவனுக்காகவே செய்த கார். 1.6 லிட்டர், மூன்றே சிலிண்டர், நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும். 2020இல் வந்த முதல் வடிவத்திலேயே 261 குதிரைத்திறன். அப்புறம் வந்த வடிவத்தில் இன்னும் கூடுதல், எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கும் உண்டு. விலை மூன்று லட்சம் வெள்ளியை ஒட்டித் தொடங்கி மேலே போகிறது. ஷோரூமில் அக்காவைப் பின்சீட்டில் ஏறச் சொன்னோம். மொத்தமே இரண்டு கதவுகள். முன்சீட்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நான் நிற்க, அக்கா ஒரு கையால் சேலைக் கொசுவத்தையும் மறு கையால் கதவு விளிம்பையும் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார். பாதியிலேயே இறக்கிவிட்டு, "நீயே ஓட்டிக்கோ சாமி, நான் பஸ்ஸுல வரேன்" என்றார். பின்னால் பூட் இடத்தின் கொள்ளளவு 174 லிட்டர். இரண்டு மூட்டை அரிசி வைத்தால் முடிந்தது. வீட்டில் வேறொரு கார் இருப்பவருக்கு இதைவிட நல்ல பொம்மை கிடையாது. ஒரே கார் என்றால் வேண்டாம்.

ஸ்விஃப்ட் ஸ்போர்ட் என் மனசுக்குப் பிடித்த கார், அதை மறைக்க விரும்பவில்லை. 1.4 லிட்டர் டர்போ, 140 குதிரைத்திறன், 230 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு. எண்களில் சின்னதாகத் தெரியும். லாசா போகும் வளைவுச் சாலையில் 60, 70இல் போகும்போதே சிரிப்பு வந்துவிடும். நெடுஞ்சாலையில் வேக வரம்பு 110தானே? ஜிடிஐயின் 245 குதிரைகளை வைத்துக்கொண்டு அவற்றைக் கட்டிப்போட்டு ஓட்டுவதைவிட, 140ஐ முழுதாக ஓடவிட்டு ஓட்டுவது எனக்குச் சுகம். சாலை வரியும் ஆண்டுக்கு 70 வெள்ளிதான், ஏனென்றால் என்ஜின் 1,400 சிசிக்குள் அடங்கிவிடுகிறது. 2021இல் மலேசியாவுக்கு வந்தபோது விலை 139,900 வெள்ளி. ஆனால் இந்த வடிவத்தின் காலம் முடிந்துவிட்டது. இப்போது தேடினால் பெரும்பாலும் கைமாறிய வண்டிதான் அகப்படும். புதுசுதான் வேண்டும், வாரண்டி வேண்டும் என்பவருக்கு இது ஒத்துவராது. அக்கா மகனுக்கும் அதுதான் தடை.

எம்ஜி4 எக்ஸ்பவரை முதல் தடவை மிதித்தால் யாருக்கும் பேச்சு வராது. 435 குதிரைத்திறன், 600 நியூட்டன் மீட்டர், நூறைத் தொட 3.8 விநாடி. ஜிடிஐயைவிடக் குறைந்த விலையில் இவ்வளவு வேகம் முன்பு கிடைத்ததில்லை. ஐந்து கதவு, பின்சீட்டில் தாராளமான இடம். ஆனால் எடை கிட்டத்தட்ட 1.8 டன். நேர்சாலையில் பறக்கும் கார் வளைவில் அந்த எடையைக் காட்டிவிடுகிறது. சும்மா நேராகப் பறப்பதில் எனக்கு அவ்வளவு ருசி இல்லை. அப்புறம் சார்ஜ். பேட்டரி 64 கிலோவாட் மணி. ஈப்போ போய்வர அறுபது கிலோமீட்டர் என்று வைத்தால், இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை வீட்டில் சார்ஜ் போட்டால் போதும். சொந்த வீடு, சொந்த மீட்டர் என்றால் பிரச்சினையே இல்லை. தோட்டத்து வீட்டிலோ வாடகை வீட்டிலோ இருப்பவர் சுவரில் சார்ஜர் மாட்டுவதற்கு முன் நிர்வாகத்திடமோ வீட்டுக்காரரிடமோ அனுமதி வாங்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் இந்தப் பேச்சே இல்லை. வரி விஷயத்தையும் கவனியுங்கள். முழுதாக இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கு இருந்த இறக்குமதி, கலால் வரிவிலக்கு 2025 கடைசியோடு முடிந்தது. உள்நாட்டில் பொருத்துபவைக்கு 2027 கடைசிவரை உண்டு. ஷோரூமில் நிற்கும் கார் எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்டால்தான் சொல்லும் விலை நியாயமா என்று தெரியும். சாலை வரியும் 2026 முதல் மோட்டாரின் சக்தியைப் பொறுத்து உண்டு.

கோல்ஃப் ஜிடிஐதான் இந்தக் குடும்பத்துக்கு நான் சொன்ன கார். எட்டாம் தலைமுறை 2.0 லிட்டர் டர்போ, 245 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர்; பிறகு வந்த திருத்திய வடிவத்தில் 265. விலை இரண்டு லட்சம் வெள்ளிக்கு மேல். என்ஜின் 1,984 சிசி, ஆகவே சாலை வரி 372 வெள்ளி. ஐந்து கதவு, அக்கா சிரமமில்லாமல் ஏறி உட்கார்ந்தார். ஃபோக்ஸ்வேகனின் டிஎஸ்ஜி என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியரைப் பற்றிப் பயம் காட்டுவார்கள். கெட்ட பேர் வாங்கியது பழைய ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டி. நம் வெயிலிலும் நெரிசலிலும் அது திணறியது உண்மைதான். இந்த ஜிடிஐயில் இருப்பது எண்ணெயில் முங்கிய கிளட்ச், வேறு பெட்டி. எனக்கு இதில் பிடிக்காதது உள்ளே இருக்கும் தொடுபட்டைகள். எட்டாம் தலைமுறையின் முதல் வடிவத்தில் ஏர்கண்டிஷனைக் கூட்டிக் குறைக்கும் பட்டைக்கு இரவில் வெளிச்சமே கிடையாது. கண்ணைச் சாலையிலிருந்து எடுத்துத் தடவிப் பார்க்க வேண்டும். திருத்திய வடிவத்தில் அதைச் சரிசெய்து, ஸ்டியரிங்கில் உண்மையான பொத்தான்களையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். முடிந்தால் அதையே வாங்குங்கள். ஓட்டும் சுகத்தில் ஜிஆர் யாரிஸுக்குக் கீழே, எடையில் ஸ்விஃப்ட்டுக்கு மேலே. ஆனால் திங்கட்கிழமை காலை வேலைக்கும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்கும், ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கும் முகம் சுளிக்காமல் போகும் கார் நான்கில் இது ஒன்றுதான்.

ஓட்டிப் பார்ப்பதில் நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். சேல்ஸ்மேன் காட்டும் நான்கு தெருவைச் சுற்றிவிட்டு, "நல்லா இருக்குண்ணே" என்று இறங்கிவிடுகிறார்கள். இரண்டு லட்சம் கொடுக்கப்போகிறவர் ஏன் கூச்சப்பட வேண்டும்? காரை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லலாம். ஒத்துக்கொள்ளும் ஷோரூம்கள் உண்டு. ஒத்துக்கொள்ளாவிட்டாலும், ஜெலாப்பாங் வழியாக வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி மெனோரா சுரங்கம்வரை மேடு ஏற வேண்டும் என்று கேளுங்கள். அந்த மேட்டில் லோரிகள் திணறிக்கொண்டு போகும். தாண்ட வேண்டிய இடத்தில் மிதித்தால் கியர் எவ்வளவு நேரம் யோசிக்கிறது என்று அங்கே தெரியும். அதற்கு முன் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, விபத்து நடந்தால் நம் பங்காக எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரியைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் ஜிடிஐயை ஊருக்கே கொண்டுவரச் செய்தோம். தமிழ்ப்பள்ளி மேட்டில் நேராக ஏற்றியபோது முன் பம்பருக்கு அடியில் கர்ரென்று ஒரு சத்தம். சேல்ஸ்மேன் உடனே, "கொஞ்சம் சாய்வா ஏறணும் தம்பி" என்றார். இறங்கிப் பார்த்தோம், அடியில் இருக்கும் கறுப்பு ரப்பர் உதடுதான் உரசியிருந்தது, பெயிண்டில் ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது சாய்வாக ஏற்றினான், சத்தம் இல்லை. இப்படித் தெரிந்துகொண்டு வாங்குவது வேறு, வாங்கிய மறுநாள் தெரிந்துகொள்வது வேறு. உச்சிவெயிலில் என்ஜினை ஓடவிட்டு நிறுத்தி வைத்து ஏர்கண்டிஷன் குளிர்கிறதா என்றும் பாருங்கள். பின்சீட்டில் ஆளை உட்காரவைத்து, மோசமான சாலையில் ஒரு சுற்று போங்கள். வேகமாக ஓட்டிப் பார்ப்பதைவிட மெதுவாக, நெரிசலில் ஊர்ந்து ஓட்டிப் பார்ப்பதுதான் முக்கியம். தினமும் அதைத்தான் செய்யப்போகிறோம்.

இனி விலை. இங்கேதான் நம் பிள்ளைகள் ஏமாந்து போகிறார்கள், இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

ஷோரூமில் உட்கார்ந்ததும் சேல்ஸ்மேனிடமிருந்து வந்த முதல் கேள்வி: "தம்பி, மாசம் எவ்வளவு கட்டுவீங்க? சொல்லுங்க, அதுக்குள்ள முடிச்சுத் தரேன்." அக்கா மகன் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "முதல்ல கார் விலையைச் சொல்லுங்க, தவணையை அப்புறம் பேசலாம்." மாதத் தவணையைச் சொல்லிவிட்டால் விலை, வட்டி, ஆண்டுக்கணக்கு மூன்றும் அந்த ஒரு எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். ஒரு கணக்குப் பாருங்கள். 120,000 வெள்ளி கடன், ஆண்டுக்கு 3 சதவீத நிலையான வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஏழு ஆண்டில் வட்டி 25,200. மாதம் சுமார் 1,729 வெள்ளி. ஒன்பது ஆண்டில் வட்டி 32,400. மாதம் சுமார் 1,411. தவணை முந்நூறு குறைந்ததே என்று மனசு குளிரும். கையிலிருந்து போவது 7,200 வெள்ளி அதிகம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த 3 சதவீதம் முதல் நாள் கடன் தொகை முழுதுக்கும் கடைசிவரை போடப்படுகிறது. கடன் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் பார்த்தால், ஒன்பது ஆண்டுக்கு அது 5.5 சதவீதத்துக்குச் சமம். பேங்க் எந்த முறையில் கணக்குப் போடுகிறது, உண்மையான வட்டி என்ன, மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பேன் என்று கேட்டு, எழுதி வாங்குங்கள்.

பழைய மைவியை இதோடு கலக்காதீர்கள். "உங்க பழைய காருக்கு மத்தவங்களைவிட மூவாயிரம் கூடத் தரேன்" என்பார்கள். அந்த மூவாயிரம் புதுக் காரின் கழிவிலிருந்து எடுத்ததாக இருக்கும். பழைய காரே இல்லை என்பதுபோல் முதலில் புதுக் காருக்குக் கடைசி விலையை வாங்குங்கள். பழையதற்கு முடா, கார்லிஸ்ட் இணையப் பக்கங்களில் அதே வருடத்து வண்டிகள் என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்துக்கொண்டு தனியாகப் பேசுங்கள்.

இலவசம் என்று அடுக்குவார்கள்: கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டு, டேஷ்கேம், பெயிண்டுக்குப் பூச்சு, கால்மிதி. எல்லாவற்றையும் பணமாக மாற்றிக் கேளுங்கள். "இதெல்லாம் வேண்டாம், விலையில் எவ்வளவு குறையும்?" என்றால்தான் அவற்றின் மதிப்பு வெளியே வரும். கறுப்பு ஒட்டை வாங்கிக்கொண்டால் சட்ட அளவு ஞாபகம் இருக்கட்டும்: முன்கண்ணாடியில் 70 சதவீதம், முன்பக்கக் கதவுகளில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும். இலவசமாக இருட்டாக ஒட்டிக் கொடுத்தால் சம்மன் நம் பேருக்குத்தான் வரும். காப்புறுதியிலும் பணம் இருக்கிறது. விபத்துக் கோரிக்கை இல்லாமல் ஓட்டியவருக்குக் கிடைக்கும் கழிவு 55 சதவீதம்வரை போகும், அதைப் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஷோரூம் தரும் காப்புறுதி விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பல நூறு வெள்ளி, சில சமயம் ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசம் வரும். 2017க்குப் பிறகு கம்பெனிக்குக் கம்பெனி காப்புறுதி விலை மாறுகிறது, ஆகவே நமக்குத் தெரிந்த ஏஜெண்டிடமும் ஒரு விலை கேட்டுவிடலாம்.

எந்தக் காருக்கு எவ்வளவு பேசலாம்? எண்ணி எண்ணி வரும் ஜிஆர் யாரிஸுக்குப் பெரிதாகக் கழிவு எதிர்பார்க்க முடியாது, கியூவில் நிற்பவர்கள் இருப்பார்கள். இரண்டு லட்சத்தைத் தாண்டிய ஹேட்ச்பேக் நம் நாட்டில் வேகமாக விற்கும் பண்டமல்ல. ஷோரூமில் தூசு படிந்து நிற்கும் ஜிடிஐக்குப் பேச இடம் உண்டு. ஆண்டுக் கடைசியிலும் புத்தாண்டு பிறந்த மாதங்களிலும் முந்தைய வருடத்துத் தயாரிப்பைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். நல்ல கழிவு கிடைக்கும். ஆனால் நாளைக்கு விற்கும்போது அந்தக் காருக்குத் தயாரிப்பு வருடத்தை வைத்துத்தான் விலை போடுவார்கள் என்பதால், கழிவு அந்த ஒரு வருடத் தேய்மானத்தை ஈடுகட்டினால் மட்டும் வாங்குங்கள். நாம் ஓட்டிப் பார்த்த டெமோ காரையே விற்பார்களா என்றும் கேட்கலாம். நல்ல விலைக்கு வரும். ஹாட் ஹேட்சில் மட்டும் நான் அதைத் தொடமாட்டேன். என்ஜின் சூடாவதற்கு முன்பே மிதித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ.

கடைசி விலை என்று அவர்கள் சொன்ன பிறகும் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஈப்போவில் ஒன்று, பினாங்கில் ஒன்று என்று ஒரே பிராண்டின் இரண்டு ஷோரூமில் எழுத்தில் விலை வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி; அதில் கார் விலை, பதிவுக் கட்டணம், காப்புறுதி, கழிவு எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். முன்பதிவுப் பணம் என்று ஐயாயிரம், பத்தாயிரம் கேட்டால் அசராதீர்கள். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தவணையில் வாங்கும் காருக்கு முன்பதிவுக் கட்டணம் ரொக்க விலையில் ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இரண்டு லட்சம் வெள்ளிக் காருக்கு இரண்டாயிரம், அவ்வளவுதான். கடன் கிடைக்காவிட்டால் அது திரும்ப வரும் என்றும் அதே ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

என் பேச்சைக் கேட்டு அக்கா மகன் ஜிடிஐக்கு இரண்டு இடத்தில் விலை வாங்கி வைத்திருக்கிறான். இனி ஒரு வேலைதான் பாக்கி: எண் தகடு மாட்டுவதற்கு முன், பதிவு செய்வதற்கு முன், தனக்கு ஒதுக்கிய காரை நேரில் போய்ப் பார்ப்பது. பதிவாகிவிட்டால் அது நம் கார், குறை சொன்னால் வழவழவென்று பேசுவார்கள். பகல் வெளிச்சத்தில் பெயிண்டைப் பார்க்க வேண்டும். காரில் தயாரிப்பாளர் பதித்த தகட்டில் தயாரிப்பு வருடத்தைப் படிக்க வேண்டும். நான்கு டயரிலும் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்க்க வேண்டும். 3225 என்றால் 2025ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்த டயர். நான்கும் கிட்டத்தட்ட ஒரே வாரமாக, கார் தயாரான காலத்தை ஒட்டி இருந்தால், பதிவு செய்யச் சொல்லலாம்.